தையலுக்கு விட்ட இடம்

டிரைவருக்கு ஒரு டிராயர் வேண்டும். அவ்வளவுதான் கதை. தோட்டம் வேண்டாம், மாடி வேண்டாம், நாற்காலி போட்டுக் காற்று வாங்க ஒரு பால்கனிகூட வேண்டாம். புதிதாகச் செய்யப்போகிற சமையலறை அலமாரியில் தன் பேருக்கு ஒரே ஒரு டிராயர். இழுத்தால் வர வேண்டும், தள்ளினால் போக வேண்டும். இதைக் கேட்டு வாங்க மனிதர் பட்ட பாடு இருக்கிறதே, முட்டுச்சந்துக்குள் மாட்டிக்கொண்ட பஸ்ஸைப் பின்னால் எடுத்தபோதுகூட அவருக்கு அவ்வளவு வியர்த்திருக்காது.

டிரைவர் என்றால் பஸ் டிரைவர். ஓய்வு பெற்றாகிவிட்டது, ஆனாலும் தெருவில் யாருக்கும் வேறு பேர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. அவருடைய மனைவி டெய்லரம்மா. முன்னறையில் மெஷின் போட்டுத் தைக்கிறாள். அவள் வெட்டிய கழுத்து இறங்கியதும் இல்லை, அவள் தைத்த கை பிடித்ததும் இல்லை. பேச்சும் அப்படித்தான். அளவாக வரும், வந்தால் கச்சிதமாக உட்காரும்.

பஸ் ஓட்டிய வருஷமெல்லாம் டிரைவருக்குச் சாப்பாடு என்றால் மூடி வைத்த தட்டு. டியூட்டி முடிந்து எந்த நேரத்துக்கு வீடு வருவார் என்று அவருக்கே தெரியாது. மேஜைமேல் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு. மேல் தட்டைத் தூக்கினால் உள்ளே ஆறிப்போன சாப்பாடு, விளிம்பில் நாலு சொட்டுத் தண்ணீர். அதையும் ஒரு குறை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று நின்று பார்த்தார். பார்த்தால், நாளெல்லாம் மெஷின் முன்னால் குனிந்திருந்தவள் அப்படியே எழுந்துபோய் அடுப்பு முன்னால் நிற்கிறாள். ஒரு கை கரண்டியில், ஒரு கை இடுப்பில். இடுப்பில் இருந்த அந்தக் கையைப் பார்த்ததும் டிரைவருக்கு மனசு கேட்கவில்லை. நாமும் சமைப்பது, இவள் பக்கத்திலேயே நின்று சமைப்பது, சூடாகச் சாப்பிடுவது, இவளுக்கும் சூடாகப் போடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

அவர் முடிவு செய்தால் ஆயிற்றா? சமையலறை அவளுடைய ராஜ்ஜியம்.

"நின்னா வெளிச்சத்தை மறைக்கிறீங்க, நகர்ந்தா என்னை இடிக்கிறீங்க. போய்ப் பேப்பர் படிங்க" என்று அனுப்பிவிட்டாள்.

டிரைவர் லேசுப்பட்ட ஆளா? தன்னோடு ஓடிய கண்டக்டரின் வீட்டு அடுப்பில் போய்ப் பழகினார். முட்டையை உடைக்கப் பழகி, உருளைக்கிழங்கைச் சீவப் பழகி, கண்டக்டர் வீட்டு வாணலி ஒன்றைக் கரியாக்கி, மெல்ல மெல்ல ஒரு மாதிரி கைக்கு வந்துவிட்டது. ஆர்வம் தாங்காமல் கடைக்குப் போய் ஒரு கத்தி, ஒரு தோல் சீவி, நீளமாக மரப்பிடி போட்ட ஒரு கரண்டி மூன்றையும் வாங்கிவிட்டார். அந்தக் கரண்டியின் பிடி உள்ளங்கையில் அப்படி உட்கார்ந்தது. வாங்கிய பிறகுதான் உறைத்தது, இதையெல்லாம் எங்கே வைப்பது? சமையலறையில் வைத்தால் கேள்வி வரும். கடைசியில் மூன்றையும் பழைய துணியில் சுற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் தள்ளினார். ஒரு குடும்பத் தலைவர், சொந்தக் கரண்டியைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துவைக்கிறார். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

அப்படியிருக்கும்போதுதான் பழைய அலமாரியின் கதவு கையோடு வந்தது.

டெய்லரம்மா ஒரு தட்டை எடுக்கக் கதவைத் திறந்தாள். கீல் அங்கேயே நின்றுவிட்டது, கதவு மட்டும் கிளம்பி வந்துவிட்டது. பலகை தண்ணீர் குடித்து உப்பிப்போயிருந்தது. கதவைக் கையில் பிடித்தபடி அவள் முன்னறைக்கு வந்தாள்.

"இனிமே இந்த ஒட்டுப் போடுற வேலையே வேண்டாம். எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் புதுசா போட்டுடலாம்."

டிரைவர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு "அப்படியா, சரி" என்றார். உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. புது அலமாரி என்றால் புது டிராயர். புது டிராயர்களுக்கு இன்னும் யாரும் உரிமை கொண்டாடவில்லை.

இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள். அடேயப்பா, அது ஷோரூமா? வரிசையாகச் சமையலறைகள், ஒன்றிலும் சமையல் கிடையாது. குழாய் இருக்கும், தண்ணீர் வராது. அடுப்பு இருக்கும், நெருப்பு இல்லை. அங்கே இருந்த பெண் சிரித்த முகமாக வந்து, சட்டம் வைத்த கதவா, சட்டமில்லாத மொட்டைக் கதவா, பிளைவுட்டா, தூள் பலகையா, மேலே லேமினேட்டா, பெயிண்ட்டா, கைப்பிடி வேண்டுமா, விரல் விட்டு இழுக்கிற பள்ளம் போதுமா என்று கேட்டுக்கொண்டே போனாள். டிரைவருக்குக் கண்ணைக் கட்டியது. டெய்லரம்மா அசரவில்லை.

"பார்டர் வெச்ச கதவுல அழுக்கு சேரும். பிளெயினே காட்டும்மா" என்றாள். சட்டக் கதவுக்கு அந்த நிமிஷமே பார்டர் என்று பேர் வைத்தாகிவிட்டது.

அடுத்து ஒரு டிராயரை முழுசாக வெளியே இழுத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டாள்.

"மேடம், அது டிஸ்பிளே."

"இருக்கட்டும்மா. உள்பக்கம் பார்க்காம துணியே வாங்க மாட்டேன், மரம் வாங்குவேனா?" மூலையில் பலகையும் பலகையும் பல்லுக்குப் பல் கோத்திருந்த இடத்தை விரலால் தடவினாள். "இது கெட்டித் தையல். விடாது." பக்கத்து டிராயரைக் கவிழ்த்தாள். அதில் ஆணி மட்டும் அடித்திருந்தது. "இது ஓட்டுத் தையல். ரெண்டு இழுப்புல பிரிஞ்சிடும். இதுக்கு உள்ள லைனிங் என்ன?"

லைனிங் என்றால் அலமாரியின் உள்பக்கத்துக்கு ஒட்டுகிற தகடு என்று அந்தப் பெண்ணுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்த பிறகு அவளும் லைனிங் என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

இதெல்லாம் நடக்கும்போது டிரைவர் எங்கே? அவர் வேறு உலகத்தில் இருந்தார். கடைசி வரிசையில் ஒரு டிராயரைத் தள்ளியிருக்கிறார். அது வேகமாகப் போய், மூடப்போகிற நேரத்தில் தானாகவே தயங்கி, "உஸ்ஸ்" என்று மெதுவாகப் போய் உட்கார்ந்தது. அவருக்குப் புல்லரித்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அவர் கேட்ட பஸ் கதவின் அதே மூச்சு. மறுபடி இழுத்தார், தள்ளினார். உஸ்ஸ். பக்கத்து டிராயர். உஸ்ஸ். ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் இரண்டு டிராயர். வாயெல்லாம் பல்லாக, நடுவில் நின்று எல்லா டிராயரையும் திறந்து வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டே நடந்தார். மூன்று குழந்தைகள் சொந்த அப்பா அம்மாவை விட்டுவிட்டு அவர் பின்னால் வந்துவிட்டன.

டெய்லரம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்ன இது?"

"ஏம்மா, இதைக் கேளேன்." தள்ளினார். உஸ்ஸ். "பஸ் கிளம்பிடுச்சு."

"இறங்குங்க, எல்லாரும் பாக்குறாங்க."

அவள் உதட்டு ஓரத்தில் சிரிப்பு இருந்தது. இதுதான் நேரம் என்று டிரைவர் நினைத்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இதுல ஒண்ணு எனக்குன்னு போட்டுக்கலாமா?" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு டிராயர்? வண்டி நிறுத்தவா?"

குழந்தைகள் சிரித்தன. டிரைவரும் சிரித்தார், வேறு என்ன செய்ய? கரண்டி விஷயத்தை அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்குக் கரண்டியா என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்து விழுங்கிவிட்டார்.

வாசலுக்கு வரும் வழியில் டெய்லரம்மாவே ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். ஒல்லியாக, இடுப்பு உயரத்துக்கு ஒரு அலமாரி. கைப்பிடியை இழுத்தால் தட்டு தட்டாகப் பாட்டில்கள் வெளியே நடந்து வந்தன. அவள் அதை இழுத்தாள், தள்ளினாள், மறுபடி இழுத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நம்ம சுவத்துல இதுக்கு எங்க இடம்? வாங்க போலாம்."

டிரைவர் திரும்பிப் பார்த்து அந்தப் பாட்டில் அலமாரியை மனதில் குறித்துக்கொண்டார்.

வேலையை எடுத்துக்கொண்டவர் ஒரு மர வேலைக்காரர். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், எழுதும்போது மட்டும் அது கிடைக்காது, தேடுவார். அதனால் பென்சில் என்றே பேர். பென்சில் வந்து பழைய அலமாரிகளைப் பிடுங்கிப்போட்டார். கீழ் வரிசையில் என்னென்ன பெட்டி வரும், எது எவ்வளவு அகலம் என்று டெய்லரம்மாவிடம் சொன்னார். பாட்டில் அலமாரி ஒன்று வருமா என்று அவள் கேட்டதற்கு, இடம் மிஞ்சினால் பார்க்கலாம் என்றார்.

"மூலைப் பெட்டியிலேர்ந்து சிங்க் பெட்டிவரைக்கும் அளவு இதுதான் அக்கா. எதுக்குப் பக்கத்துல எது வரணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. முடிவானதும் கூப்பிடுங்க, வந்து பார்த்துட்டுத்தான் பலகையில ரம்பம் வைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெய்லரம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. காகிதத்தில் வெட்டிப் பார்க்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டாள். சமையலறைக்கு மட்டும் சட்டம் மாறுமா? பழுப்புக் காகிதச் சுருளை எடுத்துவந்தாள். முன்னறைத் தரையில் மண்டியிட்டு, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் நிஜ அளவில் ஒரு காகிதம் வெட்டினாள். சிங்க்குக்கு ஒன்று, பாத்திர டிராயருக்கு ஒன்று, குப்பைக்கூடைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று, இப்படி. எல்லாவற்றையும் காலிச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடியில் போய் இடித்து நின்றது. சுவர் நிறைந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காகிதச் சமையலறைதான் நிஜச் சமையலறை. அடுப்பை மேஜைமேல் வைத்துச் சமைத்தாலும், டெய்லரம்மா காகிதத்தின் முன்னால் போய் நின்று ஒத்திகை பார்ப்பாள். இல்லாத டிராயரை இழுப்பாள், இல்லாத தட்டை எடுப்பாள், இடுப்பால் இடித்து மூடுவாள். டிரைவர் மெல்ல உள்ளே நுழைந்தால் தடுத்துவிடுவாள்.

"அங்க நிக்காதீங்க. அது மூலை அலமாரிக் கதவு திறக்கிற இடம்."

டிரைவர் பதறிப்போய்ப் பின்னால் நகர்வார். எதற்கு நகர்ந்தோம் என்று பிறகு யோசிப்பார். காகிதக் கதவு முட்டியில் இடித்துவிடும் என்று பயந்த ஒரே மனிதர் உலகத்திலேயே அவராகத்தான் இருக்க முடியும். இரண்டு நாளில் அவரும் முற்றிவிட்டார். சமையலறைக்குள் வரும்போது இல்லாத டிராயரைத் தள்ளி, வாயாலேயே "உஸ்ஸ்" என்பார். டெய்லரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மெதுவா தள்ளுங்க, புதுசு" என்பாள். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து பார்ப்பவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது.

சிரிப்பெல்லாம் சரி, டிராயர்? டிரைவர் விடவில்லை. பஸ் ஓட்டியவரின் கண் அது. இரண்டு லாரிக்கு நடுவே தன் வண்டி போகுமா போகாதா என்று ஒரு பார்வையில் சொல்கிற கண். அந்தக் கண் காகிதங்களைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது, ஏதோ கணக்கு இடிக்கிறது என்றது.

"ஏம்மா, இந்தச் சுவத்துல இன்னும் இடம் இருக்கு."

"எங்க?"

"எங்கேன்னு தெரியல. ஆனா இருக்கு. ஒரு மினி வேனே நிறுத்தலாம்."

டெய்லரம்மா டேப்பைக் கழுத்தில் இருந்து உருவி, காகிதங்களின்மேல் ஓட்டிக் காட்டினாள். ஒரு கோடி முதல் மறு கோடி வரை. ஒரு நூல் இடைவெளி கிடையாது.

"என் டேப்பு பொய் சொல்லாது."

"என் கண்ணும் பொய் சொல்லாது."

"அப்ப நீங்க கண்ணாலயே சமைச்சுச் சாப்பிடுங்க."

வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. டிரைவர் வெளியே போய் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிக் கரண்டியை ஒரு முறை பார்த்துவிட்டு மூடினார்.

ஆனால் ஒன்று, அதற்கப்புறம் டெய்லரம்மாவின் போக்கு விசித்திரமாக இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோவாள். காகிதங்களைப் பிய்த்து இடம் மாற்றி ஒட்டுவாள். சிங்க்கை அந்தப் பக்கம், குப்பைக்கூடையை இந்தப் பக்கம். பின்னால் போய் நின்று பார்ப்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மறுபடி பிய்ப்பாள். தைக்க வந்தவர்கள் முன்னறையில் காத்திருப்பார்கள். பாட்டில் அலமாரிக்கு இடம் தேடுகிறாள் என்று டிரைவர் புரிந்துகொண்டார். பாவம், அவ்வளவு ஆசை. தன் டிராயர் கிடைக்காவிட்டாலும் போகிறது, அவளுக்காவது அது கிடைத்தால் தேவலை என்று தோன்றிவிட்டது. தோன்றியது என்ன, அப்படியே நினைத்தார். அன்று மத்தியானம் மூடிய தட்டைத் திறந்தபோதும் அதையேதான் நினைத்தார்.

பென்சிலுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வந்தவர் சுவர் முழுக்கக் காகிதத்தைப் பார்த்ததும் அசந்துபோனார்.

"பிரமாதம் அக்கா. நான்கூட இப்படிச் செஞ்சதில்ல" என்று சொல்லிக்கொண்டே தன் இரும்பு டேப்பை ஒரு காகிதத்தில் வைத்தார். புருவம் ஏறியது. அடுத்த காகிதத்தில் வைத்தார். இன்னும் ஏறியது.

"அக்கா, நான் சொன்ன அளவு இதுதானா?"

"அதேதான். கோடு பாருங்க."

காகிதத்தின் ஓரத்துக்குச் சற்று உள்ளே, நாலு பக்கமும் பென்சில் கோடு ஒன்று நேராக ஓடியிருந்தது. எல்லாக் காகிதத்திலும் இருந்தது.

"கோடு சரியாத்தான் இருக்கு. கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்ன?"

"அது தையலுக்கு விட்டது" என்றாள் டெய்லரம்மா, மழை பெய்தால் நனையும் என்கிற தோரணையில்.

பென்சில் சுவரைப் பார்த்தார். டிரைவர் பென்சிலைப் பார்த்தார்.

பென்சில் மிகவும் மரியாதையாகக் கேட்டார். "அக்கா, மரத்துல எங்க தையல் வரும்?"

டெய்லரம்மா கோட்டுக்கு வெளியே விரலை ஓட்டினாள். சுவரை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஒவ்வொரு பெட்டிக்கும் இந்தப் பக்கம் ஒரு இஞ்ச், அந்தப் பக்கம் ஒரு இஞ்ச். துணியில் தையலுக்குள் மடிந்துபோகிற ஓரம், வாழ்நாள் பழக்கம். மூளையைக் கேட்காமல் கை விட்டுவிட்டது. முதலில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று டிரைவர் ஒரு எட்டு வைத்தார். அழுகையா அது? வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேவிட்டாள்.

"ஐயோ" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "குப்பைக்கூடைக்கும் தையலுக்கு விட்டிருக்கேன்."

அவ்வளவுதான். டிரைவர் சிரித்த சிரிப்பில் பேச்சு வரவில்லை. பென்சில் சுவரில் சாய்ந்து, "நல்லவேளை அக்கா, பட்டன் வைக்கல" என்றார். அடங்கப்போன சிரிப்பு மறுபடி கிளம்பியது. "சிங்க்குக்குக் காஜா எடுக்கணும்" என்றார் டிரைவர். "போதும், வயிறு வலிக்குது" என்று டெய்லரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்தாள், துடைத்த கையோடு சுவரைப் பார்த்தாள், மறுபடி சிரித்தாள்.

ஒரு வழியாக ஓய்ந்த பிறகு கத்தரியைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு காகிதத்தையும் எடுத்து, கோட்டின்மேல் சர்ரென்று வெட்டினாள். தரையெல்லாம் பழுப்பு நாடாக்கள். வெட்டியதை எல்லாம் மூலையில் இருந்து ஆரம்பித்து, ஒன்றையொன்று தொட்டு நிற்கிறமாதிரி மறுபடி ஒட்டினாள். கடைசிக் காகிதமும் ஒட்டியாயிற்று. அதற்கப்புறம், ஜன்னலுக்குக் கீழே, சுவர் வெறுமையாகத் தெரிந்தது. ஒரு அடிக்கும் மேலேயே இருக்கும்.

டிரைவர் அந்த இடத்தைப் பார்த்தார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லலாம். எந்தப் புருஷனும் சொல்லியிருப்பான். டிரைவர் சொல்லவில்லை.

பென்சில்தான் பேசினார். "அக்கா, அதிர்ஷ்டம்தான். நீங்க கேட்டீங்களே பாட்டில் அலமாரி, அது இங்க ஜம்முனு உக்காரும். எழுதிக்கட்டுமா?" காதில் இருக்கும் பென்சிலைச் சட்டைப்பையில் தேடினார்.

டெய்லரம்மா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் பின்வாங்கவில்லை.

"போடுங்க தம்பி. ஷோரூம்ல பார்த்ததுலேர்ந்து அவளுக்கு அதுமேலதான் கண்ணு. அதையே போட்டுடுங்க."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் டெய்லரம்மா. கழுத்தில் இருந்த டேப்பை உருவினாள். "இங்க வாங்க. கையை நீட்டுங்க."

"எதுக்கு?"

"நீட்டுங்கன்னா நீட்டுங்க."

டிரைவர் திருதிருவென்று முழித்துக்கொண்டு நீட்டினார். சட்டைக்கு அளவெடுக்கிறமாதிரியே தோளில் இருந்து மணிக்கட்டுவரை டேப்பை ஓட்டினாள். முழங்கையை மடக்கச் சொல்லி, தரையில் இருந்து முழங்கைவரை அளந்தாள். வயிற்றைச் சுற்றியும் டேப் வந்தது.

"மூச்சை இழுக்காதீங்க. டிராயரைத் திறந்தா தொப்பையில இடிக்கக் கூடாது."

டிராயர் என்றாளா? அவர் கேட்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"அந்தக் கரண்டி எவ்வளவு நீளம்?"

"எந்தக் கரண்டி?"

"ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில தூங்குதே, அந்தக் கரண்டி."

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. பென்சில் நல்ல மனிதர், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ எப்பப் பார்த்தே?"

"ஷோரூம் போய்ட்டு வந்த மறுநாள். நூல் வாங்க உங்க வண்டியை எடுத்துட்டுப் போனேன்ல. பையை வைக்கலாம்னு சீட்டைத் தூக்கினா, பச்சப் புள்ளையைச் சுத்துற மாதிரி துணியில சுத்தி வெச்சிருக்கீங்க. உங்களுக்கு எதுக்கு டிராயர்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டுட்டேனேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு." அவள் டேப்பைச் சுற்றிக்கொண்டே பேசினாள், அவரைப் பார்க்கவில்லை. "அன்னைலேர்ந்து இந்தச் சுவத்துல உங்களுக்கு ஒரு இடம் தேடுறேன். அந்தப் பக்கம் மாத்தி, இந்தப் பக்கம் மாத்தி, வரவே மாட்டேங்குது. இடம் கிடைச்சாச் சொல்லலாம்னு இருந்தேன். இடத்தை முழுங்கிட்டு உக்காந்திருந்தது நான்தான்னு யாருக்குத் தெரியும்?"

பிய்த்துப் பிய்த்து ஒட்டியது எதற்கு என்று டிரைவருக்கு இப்போது புரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்ததில் வந்த தண்ணீரே இன்னும் காயவில்லை, அதனால் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"அப்ப பாட்டில் அலமாரி?"

"பாட்டில் எல்லாம் இருக்கிற இடத்துல நிக்கட்டும். அதுக்குக் கால் வலிக்காது. நீங்க போய் அதை எடுத்துட்டு வாங்க."

டிரைவர் ஓடினார். அந்த வயசில் ஓடக்கூடாது, ஓடினார். கரண்டியோடு திரும்பி வருவதற்குள் டெய்லரம்மா தரையில் மண்டியிட்டு ஒரு புதுக் காகிதம் வெட்டியிருந்தாள். கரண்டியை வாங்கி அதன்மேல் வைத்தாள். கரண்டியின் முகம் பென்சில் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்தது. ஆனால் காகிதத்தைத் தாண்டவில்லை.

பென்சில் எட்டிப் பார்த்தார். "அக்கா, மறுபடியும் தையலுக்கு விட்டுட்டீங்க."

டெய்லரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கத்தரியை எடுத்தாள். கோட்டையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது ஒண்ணுக்கு மட்டும் இருக்கட்டும். கோட்டைப் பார்க்காதீங்க தம்பி, காகிதம் எவ்வளவோ அவ்வளவு செஞ்சுடுங்க."

காகிதத்தைக் கொண்டுபோய் ஜன்னலுக்குக் கீழே ஒட்டினாள். அந்த வெற்றிடத்தில் அது இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. டிரைவர் அதன் முன்னால் போய் நின்றார். இரண்டு விரலால் இல்லாத கைப்பிடியைப் பிடித்து, இல்லாத டிராயரை இழுத்து, நிஜக் கரண்டியை உள்ளே வைத்து, மெதுவாகத் தள்ளினார். கரண்டி கீழே விழுந்து அவர் காலிலேயே பட்டது.

"உஸ்ஸ்" என்றாள் டெய்லரம்மா, அவருக்காக.

டிரைவர் காலைத் தடவிக்கொண்டே கரண்டியை எடுத்தார். "முதல்ல என்ன செஞ்சு தரட்டும்?"

"எதை வேணாலும் செய்யுங்க" என்றாள் அவள், தரையில் கிடந்த காகித நாடாக்களைக் கூட்டியபடி. "தட்டுப் போட்டு மூடாம குடுங்க."